தெருமுக்கிலிருந்து இன்னொரு தடவை

வேலாயுதத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் கழுத்தில் ரோஜா மாலை கிடந்தது. காதை ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். விளாத்திகுளத்தில், அவருடைய அறுபதாம் கல்யாண மண்டபத்தில். அவர் என் சம்சாரத்தின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். அன்றைக்கு அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் அவரை ஜெயித்தேன்.

உட்காருங்கள் சார். இது உடனே முடிகிற வேலை இல்லை. ஸ்டுடியோக்காரர் உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினாரோ தெரியாது. போனில் இருந்து படம் ஏற்றுகிற மாதிரி என்று நினைத்து வந்திருப்பீர்கள். அப்படி இல்லை. இந்தக் கேமராவில் உங்கள் கேசட்டைப் போட்டு ஓடவிட வேண்டும். அது ஓட ஓடக் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளும். வேகமாக ஓட்டினால் ஒன்றும் பதியாது. உங்கள் மகளின் பிறந்தநாள் அன்றைக்கு எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரம் இன்றைக்கும் நடக்கும். நாம் காத்திருக்கத்தான் வேண்டும்.

வீட்டில் உங்கள் கேமராவில் யூ.எஸ்.பி. வயரைச் செருகிப் பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். அதில் ஃபோட்டோ மட்டும்தான் வரும். ஓடுகிற படத்துக்கு இந்தச் சின்ன ஓட்டை. ஃபயர்வயர் என்று பெயர். கம்ப்யூட்டரில் இதற்கென்று தனியாக ஒரு கார்டு போட வேண்டும். கோவில்பட்டியில் கேட்டேன், அங்கே யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. மதுரைக்குப் போய் வாங்கிவந்து நானே கழற்றி நானே மாட்டினேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற பிளாண்டில் பம்ப் ஆபரேட்டர். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பம்ப் ஆபரேட்டர். ஒட்டகம் மேய்க்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

மஸ்கட்டை முடித்துக்கொண்டு வரும்போது இந்தக் கேமராவைக் கொண்டுவந்தேன். எங்கள் சொந்தத்தில் கேமரா வைத்திருந்தது நான் ஒருத்தன்தான். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் சம்சாரம் உலகம்மாள் பக்கத்தில் நின்று பை, பேட்டரி எல்லாம் பிடித்துக்கொள்வாள். படம் எடுக்கும்போது பேசாதே, அதுவும் பதிந்துவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன். குறுக்கே வராதே என்றும் சொல்லிவைத்திருந்தேன். ஒன்று சொன்னால் அப்படியே கேட்பாள். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்த ஒரே ரத்த உறவு அந்த அண்ணன்தான்.

இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சினோம். எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் பெண் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். உங்கள் ஊரிலும் இருக்கும். சீர்க்காரர்கள் நேரே வீட்டுக்குள் வந்துவிட மாட்டார்கள். தெருமுக்கில் மேளத்தோடு நிற்பார்கள். வீட்டுக்காரன் போய்ச் சந்தனம் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க" என்று சொல்லிக் கூட்டி வர வேண்டும். அதுதான் முறை. முறை எனக்கும் தெரியும் சார். தெரியாமல் இல்லை.

வேலாயுதம் குறை வைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்குக் குத்துவிளக்கு. பித்தளை அண்டா, பட்டுச்சேலை, பழத்தட்டு என்று வரிசையாகப் பெண்கள். அவர் பட்டு வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு முன்னால் நிற்கிறார். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அதை எடுக்காமல் விடுவதா? நான் கேமராவோடு போனேன். உலகம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு கூட வந்தாள். நான் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பின்பக்கமாகவே நடந்துகொண்டு அவர்களை எடுத்தேன். பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? யாருக்காக அந்தக் கஷ்டம்? அவர் சீரை எடுக்கத்தானே?

அவர் என்ன கேட்டார் தெரியுமா? "மாப்ள, கும்பிடுறதுக்குக் கை இல்லையா உமக்கு?"

நான் சொன்னேன், "மச்சான், பேசாம நடந்து வாங்க. கேமராவைப் பாக்காதீங்க."

மேளக்காரன் சிரித்துவிட்டான். அவன் சிரித்தது என் தப்பா?

வெயில் அவர்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. எல்லோர் முகமும் கறுப்பாக விழுந்தது. வீணாகப் போகிறதே என்று சொன்னேன், "மச்சான், மூஞ்சி தெரியல. எல்லாரும் திரும்பிப் போய், முக்குலேருந்து இன்னொரு தடவை வாங்க. நான் அந்தப் பக்கம் வந்துக்கிடுதேன்."

இவ்வளவுதான் சார் நான் சொன்னது. ஒரு கெட்ட வார்த்தை உண்டா இதில்?

"திரும்பிப் போகவா? சீர் கொண்டு வந்தவனத் திரும்பிப் போகச் சொல்லுதீரா?" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். மேளம் நின்றுவிட்டது. "எய்யா, எல்லாரும் கேட்டுக்கோங்க! மஸ்கட்டுல ஒட்டகம் மேய்ச்ச பயலுக்கு மனுசனக் கூப்பிடத் தெரியுமா? ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு என்னக் குறி பாக்கான். நான் என்ன கூத்தாடியா, மறுபடி மறுபடி வந்து ஆடுறதுக்கு?"

உலகம்மாள் கீழே வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தைக் காலால் ஒரு எத்து. துண்டு நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து உதறிவிட்டு, குத்துவிளக்கை நடுத்தெருவில் வைக்கச் சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். நான் கேமராவை நிறுத்தவில்லை. அவர் வண்டி மறைகிற வரைக்கும் எடுத்தேன். என்றைக்காவது உதவும் என்று அப்போதே தோன்றியது.

அதோடு விட்டாரா? ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒட்டகம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து, "ஒட்டகத்துக்கு இன்னுங் கொஞ்சம் சாம்பார் விடுப்பா, ஒரு வாரத்துக்குத் தாங்கும்" என்பான் ஒருத்தன். சொந்தத்தில் சின்னப் பிள்ளைகள் என்னை ஒட்டக மாமா என்றுதான் கூப்பிடும். மரியாதையாக, பாசமாகக் கூப்பிடும். அதுதான் தாங்க முடியாது.

உலகம்மாளைப் பிறந்த வீட்டுக்குப் போகாதே என்று நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. போகணும் என்றால் போ என்றுதான் சொன்னேன். போனால் அங்கேயே இருந்துகொள் என்றும் சொன்னேன். முடிவு அவள் கையில்தான் இருந்தது. அவள் போகவில்லை. என் பக்கம்தான் நியாயம் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, இல்லையா?

கேசட்டைப் பாருங்கள், கட்டம் கட்டமாக வருகிறது. பயப்படாதீர்கள். உள்ளே ஹெட்டில் தூசி. அதைத் துடைக்கவென்றே ஒரு கேசட் இருக்கிறது. போட்டு எடுத்தால் சரியாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள்... ம். பாருங்கள், இப்போது தெளிவாக வருகிறது. கேக் வெட்டுவது யார், உங்கள் வீட்டம்மாவா? நன்றாக விழுந்திருக்கிறார்கள். 

உலகம்மாள் மஞ்சள்காமாலையில் போனாள். வேலாயுதம் கோடிச்சேலையோடு வந்தார். பொம்பிளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். அது பெரிய விஷயம். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்களே, அந்த வாசலில்தான் நான் நின்றேன். கேமரா இல்லை. ரெண்டு கையும் சும்மாதான் இருந்தது. கட்டிக்கொண்டு நின்றேன். கும்பிடவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. அவர் கையில் சேலையோடு ரொம்ப நேரம் நின்றார்.

பெரியவர்கள் சொன்னார்கள், "ஏலே, சாவு வீட்டுல என்ன வீம்பு? ஒரு வார்த்தை சொல்லுலே." சொல்லவில்லை.

கடைசியில் அவர்தான் பேசினார். என்னைப் பார்த்து இல்லை. உள்ளே அவள் கிடந்த பக்கம் பார்த்து. "அன்னைக்கு நடுத்தெருவுல நான் அவமானப்பட்டு நின்னப்பவும் நீ எனக்காக ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கும் பேசாமக் கிடக்க. நல்லாயிரு தாயி." சேலையை நடையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை உள்ளே எடுக்க விடவில்லை. கோடி இல்லாமல்தான் அவளை எடுத்தோம். பாடைக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "ஒட்டகத்துக்கு இருக்கிற வைராக்கியத்தப் பாரேன்." சம்சாரம் செத்த அன்றைக்கு சார். அன்றைக்கும் விடவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுசனைப் பார்த்து ஊர் சிரிக்க வைக்காமல் விடக் கூடாது.

வழி தானாக வந்தது. அவர் மகன் குமரேசன் ஒரு நாள் வந்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. "மாமா, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வச்சிருக்கோம். மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் போடுறோம். பழைய படமெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. அப்பா கேக்கச் சொல்லல, நானாத்தான் வந்தேன்" என்றான்.

"கேசட்டைத் தர மாட்டேன். நானே கம்ப்யூட்டர்ல ஏத்தி, நானே எடிட் பண்ணித் தருதேன்" என்றேன்.

"மாமா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. பழசை மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான்.

அதற்காகத்தான் சார் இந்தக் கம்ப்யூட்டர், கார்டு, வயர் எல்லாம் கற்றுக்கொண்டேன். மற்றவர்கள் பொழுதுபோக்குக்குக் கற்றுக்கொள்வார்கள். நான் வெறியில் கற்றுக்கொண்டேன். முதலில் படம் பாதியில் நின்று நின்று போகும். ஏன் நிற்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. டிஸ்க்கைப் பிரித்துவைத்திருக்கிற முறை பழையது, ஒரு அளவுக்கு மேல் பெரிய ஃபைலை அது வாங்காது என்று பிறகுதான் தெரிந்தது. அழித்து வேறு முறையில் அமைத்தேன். வெட்ட, ஒட்ட, மெதுவாக ஓடவிட எல்லாம் நானே தட்டித் தட்டிப் படித்தேன்.

முதலில் காதுகுத்து, கொடை, பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவது எல்லாம் அழகாக வைத்தேன். எல்லோரும் சந்தோஷமாக உட்கார்ந்துவிட வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு இந்தத் தெரு. அவர் கண்ணை உருட்டிக் கத்துவது. சந்தனக் கிண்ணத்தை எத்துவது. துண்டு விழுகிற இடத்தை மெதுவாக ஓடவிட்டேன். விழுந்த துண்டு திரும்பத் தோளுக்கு ஏறி மறுபடி விழுகிற மாதிரி வைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. நான் அவரை இன்னொரு தடவை வரச் சொல்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டேன். அது தேவையில்லாத இடம். எடிட்டிங் என்றால் தேவையில்லாததை எடுப்பதுதானே?

ஒரு சத்தத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அவர் கத்தும்போது கேமராவுக்குப் பக்கத்தில் உலகம்மாள் அடிக்குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். இவ்வளவு சொல்லிவைத்தும் அன்றைக்கு மட்டும் பேசிவிட்டாள். அதை எடுத்தால் அவர் பேச்சும் சேர்ந்து போய்விடுகிறது. அவர் பேச்சு எனக்கு வேண்டும். சரி, பின்னால் ஏதோ சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மணமேடையில் அவரும் அவர் சம்சாரமும் மாலையும் கழுத்துமாக. படம் ஓடியது. காதுகுத்துக்குக் கைதட்டல். ஊஞ்சலுக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் தெரு வந்தது. துண்டு விழுந்தது, ஏறியது, விழுந்தது. கொல்லென்று சிரித்தார்கள் சார். வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஏ வேலாயுதம், துண்ட இறுக்கிப் போடுடே!" என்றார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

பிறகு சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அவர்கள் வைத்திருந்த ஸ்பீக்கர் ஆள் உயரம். எங்கள் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் முணுமுணுப்பாகக் கேட்டதெல்லாம் அங்கே மண்டபம் நிறையக் கேட்டது. அவர் கத்துவதற்கு மேலே அவள் குரல்.

"ஏங்க, கேமராவக் கீழ வைங்க. எங்க அண்ணன் ஏங்க. கையெடுத்து ஒரு கும்பிடு போடுங்க. உள்ள கூப்பிடுங்க. உங்க கால்ல விழுதேங்க. எனக்கு வேற யாரு இருக்கா? வைங்க அதை."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் மேடையை விட்டு இறங்கி வந்தார். படம் போடுகிறவரிடம், "நிப்பாட்டாதீரும். அந்த எடத்த மறுபடி போடும்" என்றார். போட்டார்கள். "இன்னொரு தடவை போடும்." போட்டார்கள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. துண்டு விழுவதைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய், முகத்தை எல்லோருக்கும் மறைத்து, காதை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவமானம் சார். முகத்தைக் காட்ட முடியாத அவமானம். வேறு என்ன?

கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. படம் எடுத்தது யார் என்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. கூச்சமாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்குப் பிறகு என்னை ஒருத்தனும் ஒட்டகம் என்று கூப்பிட்டதில்லை. எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். ஒரு மரியாதை வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் குமரேசன் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். "அப்பா அந்தத் துண்டுப் படம் மட்டும் கேக்காரு. தெருவுல எடுத்தது. அத்தை பேசுறது. வேற ஒண்ணும் வேண்டாமாம்."

கேட்டானே என்று நானும் மறுக்கவில்லை. சி.டி.யில் போட்டுக் கொடுத்தேன். படத்துக்கு நாதஸ்வரம் சேர்த்துக் கொடுத்தேன். தெருவில் மேளம் இருந்ததுதானே, பொருத்தமாகத்தான் இருந்தது. அடியில் இருந்த சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டேன். இத்தனை வருசம் என்னைப் பேர் சொல்லி அலைக்கழித்த மனுசனுக்கு என் பெண்டாட்டி குரலை நான் எதற்குச் சார் கொடுக்க வேண்டும்? கட்டினவன் நான். அவள் என் வீட்டில் இருந்தவள்.

அவர் இறந்த துஷ்டிக்கு நான் போகவில்லை. குமரேசனை ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நானாகத்தான் கேட்டேன், சி.டி. நன்றாக ஓடியதா என்று. "தினமும் போடச் சொல்வாரு மாமா. சத்தத்தக் கூட்டு, சத்தத்தக் கூட்டும்பாரு. எங்க வீட்டு டி.வி. சரியில்லன்னு நெனச்சுக்கிட்டாரு. புது ஸ்பீக்கர் வாங்கிப் போட்டோம். காது மந்தமாயிட்டுன்னு டாக்டர்கிட்டயும் போனாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பஸ்ஸில் ஏறிவிட்டான்.

என்ன சார், என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்க்கிறீர்கள்? நான் செய்தது தப்பு என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தெருவில் ஒட்டகம் மேய்ச்ச பயல் என்று உங்களைச் சொல்லியிருந்தால் தெரியும். இன்றைக்கு அவர் இல்லை. நான் இருக்கிறேன். யார் ஜெயித்தது?

அந்தக் கேசட் இருக்கிறது. அழிக்கவில்லை. மற்ற கேசட்களையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். இப்போது நேரம் நிறைய இருக்கிறது, உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். கொடை இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது, யார் யாரோ சிரிக்கிறார்கள், யார் யாரோ பேசுகிறார்கள். உலகம்மாள் முகம் எதிலும் விழவில்லை. அவள் பேசுவது அந்தத் தெருவில் மட்டும்தான்.